மும்முறை கட்டப்பட்ட வீடு

புத்தளக் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அதன் மேற்குக் கரையிலே கண்டக்குழி என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. ஒக்டோபர் மாதத்திலிருந்து ஏப்ரில் வரையும் அங்கே கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். அக்காலத்தில் கடற்றொழிலாளர் கரையோரத்தில் வாடிகள் அமைத்துத் தங்குவர். மே மாதமளவிலே சோளகக் காற்று எழும், கடல் கொந்தளிக்கும், மணல் பறக்கும்.

வாடி என்பது மாளிகையன்று. சில கப்புகள், மேலே ஒரு மோட்டுவளை, அதன்மேற் கிடுகு, அவ்வளவே. ஆயினும் அதனைப் பேணுவதற்கும் ஒரு முறை உண்டு. கிடுகு சில பருவங்களில் உக்கிப்போகும். பழையதை நீக்கிப் புதியதை வேய்வது ஒரு நாள் வேலை. ஆனால், கப்பின் அடியைக் கறையான் அரித்துவிட்டால் என் செய்வது? மேலே எத்தனை புதுக் கிடுகு வேய்ந்தாலும் பயனில்லை. கூரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கப்புகளை ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். அதனையும் காற்று எழுவதற்கு முன்னரே செய்து முடித்தல் வேண்டும். சோளகம் வீசத் தொடங்கிய பின்னர்க் கப்பைத் தோண்டுபவன் கூரையையும் இழந்துவிடுவான்.

கிடுகாலும் மரத்தாலுமான வாடிக்கு உரிய இந்நியதி, கண்ணுக்குத் தெரியாத வேறொரு வகை வீட்டுக்கும் பொருந்துகின்றது. கணினியில் இயங்கும் மென்பொருளே அவ்வீடு. இலங்கையிலே பிறந்து, கடல் கடந்து பல நாடுகளில் மக்களுக்குத் தொண்டு செய்த ஒரு மென்பொருள், தன் வாழ்நாளில் மும்முறை கட்டப்பட்டது. அதன் பெயர் ‘சகனா’. சிங்கள மொழியில் இச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். அது ஏன் பிறந்தது, ஏன் ஒருமுறைக்கு மும்முறை கட்டப்பட்டது என்பனவற்றை அறிந்துகொள்வது, கணினித் துறையாளருக்கு மட்டுமன்றி, பதிவேடுகளை நம்பி வாழும் அனைவருக்கும் பயன் தருவதாகும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாளுமாகும். அன்று காலை சுமாத்திராத் தீவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தினால் எழுந்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்திலே இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, யாழ்ப்பாணத்து வடமராட்சி, தெற்கே மாத்தறை, காலி, அம்பாந்தோட்டை ஆகிய கரைகள் பெருநாசத்துக்கு உள்ளாயின. மேற்கே இருந்த புத்தளக் கரை கிழக்குக் கரையைப்போல் அழிவு காணவில்லை. நாடு முழுவதிலும் 30,000 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 5 இலட்சம் பேர் வீடிழந்தனர்.

அந்த நாட்களிலே உணவுக்கும் மருந்துக்கும் அடுத்தபடியாக மக்கள் தேடியது பெயர்களையே. என் பிள்ளை எந்த முகாமிலே? என் தாயின் பெயர் எந்தப் பட்டியலிலே? இவ்வாறு கேட்டுக்கொண்டு ஒவ்வொரு பாடசாலைக்கும் கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் வைத்தியசாலைக்கும் அலைந்தவர் எண்ணிறந்தோர். பட்டியல்கள் இல்லாமலில்லை, மிகப் பலவாக இருந்தன. ஒவ்வொரு முகாமும் ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தனித்தனியே பெயர் எழுதின. ஒரு பட்டியலில் இருப்பது இன்னொரு பட்டியலை எழுதியவருக்குத் தெரியாது. ஓர் ஊருக்கு ஒரே நாளில் மூன்று வண்டி உடுப்பு வந்து சேரும்; அடுத்த ஊரிலே குடிதண்ணீரும் இராது.

பெயர்ப்பட்டியலின் அருமையைக் கற்பிட்டிக் குடாநாட்டு மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் 70,000 இற்கு மேற்பட்டோராவர். அவர்களுள் மிகப் பலர் புத்தள மாவட்டத்திலேயே அடைக்கலம் புகுந்தனர். மன்னார்த் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையிலே வந்திறங்கியோரும் பலர். பதிவேட்டிலே பெயர் இருந்தாற்றான் பங்கீட்டு உணவு கிடைக்கும். பெயர் விடுபட்டவர் ஒவ்வொரு மேசையாக ஏறியிறங்க வேண்டும். அகதி ஒருவருக்குப் பெயர்ப்பதிவு என்பது வெறும் எழுத்தன்று. அதுவே அவருடைய அரிசியும் கூரையும் பிள்ளையின் பாடசாலை அனுமதியுமாகும்.

ஆழிப்பேரலைக்குப் பின்னர், இக்குழப்பத்தைக் கணினியின் துணையாற் போக்கலாம் எனக் கொழும்பிலே சிலர் எண்ணினர். 2003ஆம் ஆண்டிலே சஞ்சீவ வீரவரண முன்னின்று நிறுவிய லங்கா மென்பொருள் மன்றம் அதற்கு நடுநாயகமாக நின்றது. பல கணினிக் கம்பனிகளைச் சேர்ந்த இளைஞர்கள் தங்கள் விடுமுறையைத் துறந்து ஒன்றுகூடினர். சமிந்திர டி சில்வா இத்திட்டத்தின் தலைவர்களுள் ஒருவராய் விளங்கினார். நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க அரசாங்கம் நிறுவிய தேசிய செயற்பாட்டு நிலையம் இவர்களுடைய முயற்சியைப் பயன்படுத்தியது. சில வாரங்களுக்குள்ளே மென்பொருள் இயங்கத் தொடங்கியது.

அதன் உறுப்புகளுள் முக்கியமானவை நான்கு. காணாமற்போனோர் பதிவேடு ஒன்று. முகாம்களையும் அவற்றில் தங்கியிருந்தோர் தொகையையும் காட்டும் பதிவேடு ஒன்று. எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன தொண்டு செய்கின்றது என்பதைக் காட்டும் பதிவேடு ஒன்று. எங்கே எப்பொருள் வேண்டும், யாரிடம் அப்பொருள் உண்டு என்பதை இணைத்துக் காட்டும் பதிவேடு ஒன்று. இவை யாவும் இணையத்தின் வழியாக இயங்கின. ஆகவே, கல்முனையிலிருந்து எழுதப்படும் ஒரு பெயரைக் கொழும்பிலிருந்து தேடலாம். பழைய கச்சேரிப் பேரேடுகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியது போன்றதே இது எனலாம்.

இத்தகைய மென்பொருள் எவ்வாறு கட்டப்படுகின்றது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் நன்று. எந்த மென்பொருளாளனும் அடிமுதல் நுனிவரை எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. எழுதுவதற்கு ஒரு கணினிமொழி உண்டு. பெயர்களைச் சேர்த்து வைப்பதற்கு ஒரு தரவுத்தளம் உண்டு. பக்கங்களை வாசகர் கணினிக்கு அனுப்பிவைக்க ஒரு வழங்கி உண்டு. இவற்றின்மேல், எல்லா இணையப் பணிகளுக்கும் பொதுவாக வேண்டிய வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் சட்டகம் ஒன்றும் இருப்பதுண்டு. பயனர் யாரெனச் சோதித்தல், படிவத்தை வாங்குதல், பிழையைச் சுட்டுதல் முதலியன சட்டகத்தின் வேலைகள். மொழியும் சட்டகமும் கப்பும் வளையும் போல்வன. அவற்றின்மேல் வேயப்பட்ட கிடுகே நாம் கண்ணாற் காணும் பக்கங்கள்.

இக்கப்புகளை ஆக்கித் தருவோர் வேறெங்கோ இருக்கின்றனர். அவர்கள் காலந்தோறும் புதிய பதிப்புகளை வெளியிடுகின்றனர். பழைய பதிப்பிலே கள்வர் புகும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். சில ஆண்டுகள் அவற்றை அடைத்துத் தருவார்கள். பின்னர் ஒரு நாளைக் குறித்து, அதன்பின் இப்பதிப்புக்கு நாங்கள் பொறுப்பல்லர் என்று அறிவித்துவிடுவார்கள். அன்றுமுதல் அவ்வீட்டுக் கப்பிலே கறையான் ஏறத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். வீடு உடனே விழாது. பார்வைக்கு நேற்றுப் போலவே இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கின்றது.

சகனாவின் முதல் வீடு பி.எச்.பி. என்னும் மொழியிலும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்திலும் கட்டப்பட்டது. அவசரத்திலே கட்டிய வீடு அது. பிணங்களும் கண்ணீரும் சூழ்ந்திருந்த நாட்களில், ஒழுங்கு பார்த்து எழுத எவருக்கும் அவகாசமில்லை. பலர் பல பாகங்களை எழுதினர். ஒருவர் எழுதியதன் போக்கு மற்றவருக்குப் புரியவில்லை. இலங்கையின் அன்றைய தேவைக்கேற்ப எழுதப்பட்டதனால், வேறோர் இடத்துக்கோ வேறொரு வகை அனர்த்தத்துக்கோ அதனை எடுத்துச் செல்லுதல் கடினமாயிற்று. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தேசிய செயற்பாட்டு நிலையமும் கலைக்கப்பட்டது. தன் வேலை முடிந்ததென்று அம்மென்பொருளும் மறைந்து போயிருக்கலாம். அவ்வாறு மறைந்த நிவாரண மென்பொருள்கள் உலகிற் பல.

ஆனால் அதனை ஆக்கியோர் வேறு விதமாக எண்ணினர். அலை மீண்டும் வரும். இங்கே வராவிட்டால் வேறெங்கோ வரும். அன்றைக்கு வேண்டுவது இன்றைக்குக் கட்டப்பட வேண்டும். சுவீடன் நாட்டு அரசாங்கத்தின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் உதவி செய்ய, 2005ஆம் ஆண்டிலே அவர்கள் முதல் வீட்டைத் திருத்தாமல், அடியிலிருந்து புதிதாக எழுதினார்கள். பெயர் ஒன்றே, கட்டடம் வேறு. ஒவ்வொரு பதிவேடும் தனித்தனி அறையாக அமைக்கப்பட்டது. வேண்டிய அறையை மாத்திரம் திறந்துகொள்ளலாம். புதிய நாடு ஒன்று தனக்கெனப் புதிய அறையைச் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தித் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளாக அது வெளியிடப்பட்டது. அதே ஆண்டிலேதான் இலங்கையின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், 13ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேறியது.

அவர்கள் எண்ணியது பொய்க்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி காஷ்மீரப் பகுதியிலே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. பாகிஸ்தானிலே சகனா பயன்படுத்தப்பட்டது. 2006ஆம் ஆண்டு பெப்ரவரியிலே பிலிப்பைன்ஸ் தேசத்துத் தெற்கு லெய்ற்றியில் மலை சரிந்து ஒரு கிராமத்தை மூடியபோதும், அதே ஆண்டு மே மாதத்திலே இந்தோனீசியாவின் யோக்யாகார்த்தா நகரைப் பூகம்பம் குலுக்கியபோதும் அது துணைக்குச் சென்றது. சிறிய தீவொன்றிலே துயரத்திற் பிறந்த ஒரு பதிவேடு, அயல் நாடுகளின் துயரத்தை எண்ணிக் குறித்துக்கொள்ள உதவிற்று. அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூக நலனுக்கான தன் விருதை 2005ஆம் ஆண்டுக்கு விக்கிப்பீடியாவுக்கு வழங்கியிருந்தது; 2006ஆம் ஆண்டுக்குச் சகனாவுக்கு வழங்கியது.

இரண்டாம் வீடும் நிலையாக நிற்கவில்லை. இதன் காரணம் யாது? வீடு பழுதானதன்று, நிலம் நகர்ந்ததே காரணமாகும். பி.எச்.பி. மொழியின் 5ஆம் பதிப்பு 2004ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, ஆழிப்பேரலைக்குச் சில மாதங்களுக்கு முன்னர், வெளிவந்தது. உலகெங்கும் வழங்கிய 4ஆம் பதிப்புக்கான கடைசித் திருத்தம் 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தோடு நின்றது. பின்னர், 2015ஆம் ஆண்டு டிசெம்பரிலே 7ஆம் பதிப்பு வந்தபோது, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அழைப்பதற்குப் பல்லாண்டு வழங்கிவந்த பழைய கட்டளைச் சொற்கள் முற்றாக நீக்கப்பட்டன. அச்சொற்களை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் புதிய பதிப்பில் ஓரடியும் நகரமாட்டா. எழுதியவன் பிழை செய்யவில்லை. அவன் பயன்படுத்திய சொல் அகராதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலே, சகனாவைச் சேர்ந்த சிலர், பைதன் என்னும் வேறொரு மொழியில் மூன்றாம் வீட்டைக் கட்டத் தொடங்கினர். அதற்கு அவர்கள் தேர்ந்துகொண்ட சட்டகம் வெப்டூபை என்பது. சிக்காகோ நகரத்து டிபோல் பல்கலைக்கழகப் பேராசிரியரான மாசிமோ டி பியேரோ, மாணவருக்குக் கற்பிக்கும் நோக்கத்துடன் 2007ஆம் ஆண்டிலே வெளியிட்ட சட்டகம் அது. அதன் சிறப்பு ஒரு வாக்குறுதியாகும். சட்டகத்தின் புதிய பதிப்பு எத்தனை வந்தாலும், பழைய பதிப்பை நம்பி எழுதிய நிரல் மாற்றமின்றி ஓடும் என்பதே அவ்வாக்குறுதி. பதிப்பு மாற்றத்தினால் அலைக்கழிந்தவர்களுக்கு இவ்வாக்கு எத்துணை இனிமையாயிருந்திருக்கும்! மூன்றாம் வீடு முதலிலே ‘சகனாப்பை’ எனவும் பின்னர் ‘ஏதேன்’ எனவும் பெயர் பெற்றது.

நிர்வாகமும் அக்காலத்திலேயே மாறியது. 2009ஆம் ஆண்டிலே சகனா மென்பொருள் அறக்கட்டளை என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றி, லங்கா மென்பொருள் மன்றம் ஏந்திவந்த பொறுப்பை ஏற்றது. அடுத்த ஆண்டு சனவரி 12ஆந் திகதி ஹெயிட்டித் தேசத்தைப் பூகம்பம் தாக்கிற்று. கட்டி முடியாத நிலையிலேயே மூன்றாம் வீட்டின் கதவுகள் திறக்கப்பட்டன. எந்த நிறுவனம் எங்கே பணி செய்கின்றது, எந்த வைத்தியசாலை இயங்குகின்றது என்பவற்றை அது பதிந்து காட்டியது.

இரண்டாம் வீட்டை அவர்கள் இடித்துத் தள்ளினார்களா? இல்லை. பி.எச்.பி. மொழியிலான கிளை ‘அகஸ்தி’ என்னும் பெயருடன் தொடர்ந்தது. நியூ யோர்க் நகரத்தின் அவசர முகாமைத்துவ அலுவலகம் புயற்காலத் தங்குமிடங்களுக்கு அதனை எடுத்துக்கொண்டது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் காணாமற்போனோரைத் தேடும் பணிக்கு அக்கிளையிலிருந்தே ஒன்றை வளர்த்தது. இதிலே நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. தொண்டர் தொகை எப்பொழுதும் சிறியதே. அவர்கள் இரண்டு வீடுகளைப் பேண வேண்டியதாயிற்று. ஒரு மொழியிற் கைதேர்ந்தவர் மறு மொழிக்கு உடனே பயன்படமாட்டார். புதிய கப்பை நடும்போது, பழைய கப்பைப் பற்றி அறிந்தவர்களின் அனுபவம் சிதறிப்போகின்றது. பதிப்பு மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் இவ்விலையைச் சொல்ல மறந்துவிடுவதுண்டு.

இனி, வெப்டூபை அளித்த வாக்குறுதி என்னவாயிற்று என்று பார்ப்போம். சட்டகம் தன் வாக்கைக் காப்பாற்றவே முயன்றது. ஆனால், சட்டகத்துக்கும் அடியிலே ஒரு நிலம் உண்டன்றோ? பைதன் மொழியின் 3ஆம் பதிப்பு 2008ஆம் ஆண்டு டிசெம்பரிலே வெளிவந்தது. பழைய பிழைகளை வேரோடு களைய வேண்டும் என்னும் நோக்கத்தால், அது 2ஆம் பதிப்போடு ஒத்துப்போகாத வகையிலே வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. இரண்டுக்கும் பத்தாண்டுக்கு மேற்பட்ட தவணை கொடுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதியுடன் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு முடிவுற்றது. வெப்டூபைச் சட்டகமும் அதன்மேல் நின்ற ஏதேனும் 3ஆம் பதிப்பிலே இயங்குமாறு திருத்தப்பட வேண்டியவையாயின. அவ்வாறே திருத்தவும் பட்டன. கப்பு உறுதி என்று சொன்னவன் பொய்யனல்லன். ஆனால் கப்பை நட்ட மணல் அவனுடையதன்று.

இம்மாற்றத்திலே மறைந்திருந்த ஆபத்துக்கு ஓர் உதாரணம் கூறலாம். பழைய பதிப்பிலே 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால், மொழி 3 என்று விடை தரும், மீதியை விட்டுவிடும். புதிய பதிப்பிலே அதே கணக்குக்கு 3.5 என்று விடை வரும். இரண்டிலும் கணினி நின்றுவிடாது, பிழையென்று கூவாது. நிவாரணப் பொருளை முகாம்களுக்குப் பங்கிடும் ஒரு நிரலிலே இக்கணக்கு இருக்குமாயின், மென்பொருள் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். விடை மாத்திரம் மாறிவிடும். நின்றுபோகும் பிழை நண்பன். நில்லாது ஓடும் பிழையே பகைவன்.

இன்னொரு மாற்றம் தமிழருக்கு நேரே உரியது. பழைய பதிப்பின் சாதாரண எழுத்துத்தொடர், எழுத்துகளை எழுத்துகளாகக் கொள்ளவில்லை. கணினி நினைவகத்தின் சிறு அலகுகளாகவே கொண்டது. இணையத்தில் வழங்கும் முறைப்படி ‘அ’ என்னும் ஓரெழுத்தைச் சேமிக்க மூன்று அலகு வேண்டும். ஆகவே அதன் நீளம் யாதென்று கேட்டால், மூன்று என்று மொழி சொல்லும். தனியே வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், நீண்ட தமிழ்ப் பெயரொன்றை நடுவிலே வெட்டும்போது எழுத்தே இரண்டாகப் பிளந்துபோகும். புதிய பதிப்பு ஒருங்குறியையே எழுத்துத்தொடரின் இயல்பாக்கியது. பத்து ஆண்டுகளாகப் பலர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்ற ஒரு மாற்றம், தமிழ்ப் பெயருக்கும் சிங்களப் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கு உள்ள அதே உரிமையைக் கொடுத்தது.

பெயர்களைப் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குக் கொண்டு செல்வது எத்துணைக் கவனத்துக்குரிய வேலை என்பதை இலங்கைத் தமிழர் தம் அனுபவத்தாலும் அறிவர். பல்லாண்டுகளாக இந்நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி என்னும் எழுத்துருவிலேயே தமிழ் தட்டெழுதப்பட்டு வந்தது. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்திலே தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வைத்திருந்தது. எழுத்துரு இல்லாத கணினியிலே அப்பட்டியலைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே தோன்றும். ஒருங்குறிக்கு மாறியபோது, பழைய பட்டியல்களை முறைப்படி மாற்றி, ஒவ்வொன்றையும் ஒப்புநோக்க வேண்டியதாயிற்று. தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கான இலங்கைத் தரநிலை 2008ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட எத்தனையோ பட்டியல்கள், மாற்றுவாரின்றி, திறக்க முடியாத பெட்டிகளாகக் கிடக்கின்றன.

ஆகவே, பதிப்பு மாற்றம் என்பதன் உயிர்நிலை நிரலிலன்று, அந்நிரல் தாங்கி நிற்கும் பெயர்களிலேயே இருக்கின்றது. இதனை உணர்ந்தோர் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகின்றனர். முதலாவது, உள்ளதனைத்துக்கும் முழுப்படி எடுத்து வேறிடத்தில் வைப்பார்கள். அப்படியிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகின்றதா என்றும் பார்ப்பார்கள். இரண்டாவது, புதிய பதிப்பை ஆக்கியோர் வெளியிட்ட மாற்றப் பட்டியலை வரிவரியாக வாசிப்பார்கள். எந்தக் கட்டளை நீக்கப்பட்டது, எது பெயர் மாறியது என்பவை அதிலே சொல்லப்பட்டிருக்கும். ‘இது விரைவில் நீக்கப்படும்’ என்று பழைய பதிப்பே இட்ட எச்சரிக்கைகளையும் அலட்சியம் செய்யமாட்டார்கள்.

மூன்றாவது, ஒரே பாய்ச்சலிற் பல பதிப்புகளைத் தாண்டமாட்டார்கள், படிப்படியாகவே ஏறுவார்கள். நான்காவது, விடை தெரிந்த கணக்குகளைக் கொண்டு சோதிப்பார்கள். கணக்குப் புத்தகத்தின் இறுதியிலே விடைகள் இருப்பதுபோல, இந்தப் பெயரைத் தேடினால் இந்த விடை வரவேண்டும், இந்தத் தொகையைப் பங்கிட்டால் இந்த எண் வரவேண்டும் என்று முன்னரே எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு படியிலும் அவையனைத்தும் சரிவருகின்றனவா என்று பார்ப்பார்கள். ஐந்தாவது, புதியதும் பழையதும் சிலகாலம் அருகருகே ஓடும். இரண்டின் விடைகளும் ஒன்றானபின்பே பழையது மூடப்படும். பொறுமையைத் தவிர இதிலே வித்தை எதுவுமில்லை.

இத்தனை உழைப்பும் வீணன்றோ, ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொடவேண்டும் என்று கேட்போர் உளர். அவர்களுடைய கேள்வியிலும் நியாயம் உண்டு. புதியது என்ற ஒன்றற்காகவே மாற்றுவது மூடத்தனம். மாற்றத்தினால் பயனருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. நேற்றுச் செய்த வேலையையே இன்றும் செய்யும் மென்பொருளுக்காக மாதக்கணக்கில் உழைப்பதை எந்த நிருவாகியும் எளிதில் ஒப்புக்கொள்ளான். அனர்த்தம் நேர்ந்த நாளிலே பணமும் ஆளும் பெருகி வரும். அமைதிக் காலத்திலே இரண்டும் வற்றிப்போகும். ஆனால் கப்பை மாற்றுவதற்கு ஏற்ற காலமோ அமைதிக் காலமே. இம்முரண்பாடே நிவாரண மென்பொருள்களின் பெருந்துன்பமாகும்.

முதல் வீட்டைக் கட்டியோர் அன்றைய கண்ணீரைத் துடைத்தனர். அவர்களை நாடு அறிந்தது. இரண்டாம் வீட்டையும் மூன்றாம் வீட்டையும் கட்டியோர், எந்த அலையும் கண்ணுக்குத் தெரியாத நாட்களிலே, நன்றாக ஓடுவதுபோற் காணப்பட்ட ஒன்றைப் பிரித்துக் கட்டினர். அவர்களுடைய உழைப்பு புகைப்படங்களுக்கு உரியதன்று. எனினும், முதல் வீட்டோடு நின்றிருந்தால், பாகிஸ்தானத்து மலையடிவாரத்திலும் யோக்யாகார்த்தாவிலும் ஹெயிட்டியிலும் சகனா உதவியிருக்க முடியாது. அவசரத்திலே செய்த தொண்டு ஒரு முறை உதவும்; அமைதியிலே செப்பனிட்ட தொண்டு மறுமுறையும் உதவும்.

இப்பாடம் கொழும்பிலுள்ள கணினி நிபுணர்களுக்கு மாத்திரம் உரியதன்று. பாடசாலை வரவு இடாப்பு, பிரதேச செயலகத்து உதவிப் பட்டியல், வைத்தியசாலைக் குறிப்பு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு ஆகியன ஒவ்வொன்றாகக் கணினிக்குள் புகுந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கட்டித் தருவதற்குப் பணம் ஒதுக்குவோர், பேணுவதற்கும் ஒதுக்குகின்றனரா? ஐந்து ஆண்டுக்குப் பின்னர் கப்பைப் பார்ப்பவர் யார் என்று ஒப்பந்தத்தில் எழுதுகின்றனரா? பழைய பதிவேட்டைப் புதியதற்கு மாற்றும்போது, ஒவ்வொரு பெயரும் வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்ப்பவர் யார்? இக்கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்பது நன்று.

கண்டக்குழிக் கரையிலே ஏப்ரில் மாதம் முடிவதற்குள் வாடிக்காரர் கப்புகளின் அடியைக் கையால் அசைத்துப் பார்ப்பதுண்டு. அசைந்தால் அன்றே தோண்டுவர். கடல் அப்பொழுது கண்ணாடிபோற் கிடக்கும். காற்றின் சுவடே இராது. ஆயினும் சோளகம் வரும் என்பதை அவர்கள் அறிவர்.